வாய்ச்சொல் செல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொடுத்த வாக்கைப் பற்றியவை. மாந்தோப்பு, கைமாற்று, மனை, பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த வீடு என்று விவகாரம் வேறு வேறாக இருந்தாலும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: சொன்னபடி செய்யவில்லை, இனி என்ன வழி? அவற்றை மட்டும் தனியே எடுத்துப் பதில் தருகிறோம். ஓர் ஆங்கிலத் தொடரைப் பற்றிய கேள்வியும் அதே கட்டில் இருந்தது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

கேள்வி: 'மை வேர்ட் இஸ் மை பாண்ட்' என்ற ஆங்கிலத் தொடரை மாணவி ஒருத்தி "என் சொல்லே என் பாசம்" என்று எழுதியிருந்தாள். சரியான பொருள் என்ன? எங்கே பயன்படுத்துவது? வாயால் சொன்ன சொல்லுக்கு நம் சட்டத்தில் அப்படி மதிப்பு உண்டா?
– ஆசிரியை, ஊத்தங்கரை

பதில்: இங்கே 'பாண்ட்' என்பது கையெழுத்தும் முத்திரையும் வைத்து எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். "நான் வாயால் சொல்லிவிட்டால் பத்திரம் எழுதிக் கொடுத்ததற்குச் சமம்" என்பதுதான் பொருள். நம் பக்கத்தில் 'சொன்ன சொல் மாறாதவர்', 'நாக்குத் தவறாதவர்' என்போமே, அதற்குப் பக்கத்தில் வரும். லண்டன் பங்குச் சந்தையின் குறிக்கோள் வாசகமும் இதுதான். லத்தீனில் 'டிக்டம் மியூம் பாக்டம்' என்பார்கள். தரகர்கள் கூடத்தில் நேருக்கு நேர் நின்று வாயாலேயே வியாபாரத்தை முடித்து, காகித வேலையைப் பிறகு பார்த்த காலம் அது. 1986 சீர்திருத்தத்துக்குப் பிறகு வியாபாரம் கணினித் திரைக்குப் போய்விட்டது, வாசகம் மட்டும் இருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடிக்கும் தரகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விரலை விட்டபின் விலையை மாற்றினால் அடுத்த வாரம் அவரிடம் யாரும் துண்டு போட மாட்டார்கள்.

பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது: இந்தத் தொடர் ஒருவருடைய இயல்பைச் சொல்வது. ஒரே ஒரு காரியத்துக்கு வாக்குக் கொடுக்கும்போது 'ஐ கிவ் யூ மை வேர்ட்' என்பார்கள். சொன்னபடி செய்து முடித்த பிறகு பாராட்ட 'ஷி வாஸ் அஸ் குட் அஸ் ஹெர் வேர்ட்'. பின்வாங்கினால் 'ஹி வென்ட் பேக் ஆன் ஹிஸ் வேர்ட்'. மாணவர்கள் அதிகம் தவறுவது பன்மையில். 'ஹி கெப்ட் ஹிஸ் வேர்ட்ஸ்' என்று எழுதக்கூடாது. வாக்கு என்ற பொருளில் 'வேர்ட்' எப்போதும் ஒருமைதான். 'வி ஹேட் வேர்ட்ஸ்' என்றால் இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது என்று அர்த்தம் மாறிவிடும். 'மை வேர்ட்!' என்று தனியாகச் சொன்னால் அது வெறும் வியப்பு. கம்பெனிக் கடிதத்தில், டெண்டரில் இந்தத் தொடரை எழுத வேண்டாம். அங்கே தேதியும் அளவும் தொகையும்தான் பேச வேண்டும்.

இனி சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 10, ஒப்பந்தத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது: இருவரும் மனமொப்பிப் பேசியிருக்க வேண்டும், வயதும் புத்தித் தெளிவும் இருக்க வேண்டும், பதிலுக்கு ஏதாவது கைமாற வேண்டும், காரியம் சட்டத்துக்கு விரோதமாக இருக்கக்கூடாது. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லவில்லை. ஆகவே "எழுதித் தரலையே, எப்படிக் கேப்பே?" என்ற பேச்சுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. வாய்ச்சொல் செல்லும். வழக்கு விழுவது வேறு இரண்டு இடங்களில்: ஒன்று, சொன்னதை நிரூபிக்க முடியாமல் போவது, இன்னொன்று, கெடு கடந்துபோவது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்தான்.

ஒரு விலக்கு. பதிலுக்கு எதுவும் வாங்காமல் "உனக்கு பைக் வாங்கித் தர்றேன்" என்று சொன்ன வாக்கை நீதிமன்றத்தில் கேட்க முடியாது. பிரிவு 25 அதைச் செல்லாது என்கிறது. நெருங்கிய உறவுக்குள் பாசத்தால் தரும் வாக்கு எழுதிப் பதிவும் செய்திருந்தால் மட்டும் செல்லும்.

கேள்வி: ஐந்து ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பு. பூ விட்ட நேரத்தில் ஒரு வியாபாரி 3 லட்சத்துக்குப் பேசி 60,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். எழுத்து இல்லை. விலை இறங்கியதும் பறிக்க வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. காய் முற்றி நிற்கிறது. என்ன செய்வது?
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் காயைக் காப்பாற்றுங்கள், வழக்கை அப்புறம் பார்க்கலாம். ஆத்திரத்தில் மரத்திலேயே அழுகவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. ஒப்பந்தம் முறிந்தவர் தன் நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தாரா என்று பிரிவு 73 பார்க்கும். குறைத்திருக்கக்கூடிய நஷ்டத்துக்கு ஈடு கிடைக்காது.

இன்றே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. தோப்பின் சர்வே எண், பேசிய தொகை, வாங்கிய அட்வான்ஸ், தேதி ஆகியவற்றை எழுதி, "நான்கு நாளில் வந்து பறிக்காவிட்டால் வேறு இடத்தில் விற்று, குறையும் தொகையை உங்களிடம் வசூலிப்பேன்" என்று முடியுங்கள். ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி வரும்படி அனுப்புங்கள். அதையே படம் பிடித்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். மா காத்திருக்காது என்பதால் நான்கு நாள் கெடு நியாயமானதே.

நாள் கடந்ததும் பறித்து மண்டிக்கோ கூழ் தொழிற்சாலைக்கோ போடுங்கள். எடைச் சீட்டு, கமிஷன் சீட்டு, பறிகூலி, வண்டி வாடகை ரசீது ஒன்றையும் விடாதீர்கள். செலவு போக 1,10,000 ரூபாய் கையில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். பேசிய 3,00,000-இல் அட்வான்ஸ் 60,000-ஐயும் இந்த 1,10,000-ஐயும் கழித்தால் 1,30,000. அதுதான் நீங்கள் கேட்கக்கூடிய நஷ்டம். விலை விழுந்தது அவர் ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ளக் காரணமாகாது. விலை ஏறியிருந்தால் கூடுதல் பணத்தை அவர் உங்களுக்குத் தந்திருக்க மாட்டாரே. வாக்கு முறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

எழுத்து இல்லை என்பதால் சோர்ந்துவிட வேண்டாம். அட்வான்ஸ் ஜிபே-யில் வந்திருந்தால் அந்த வரவே பெரிய சாட்சி. விலை பேசும்போது கூட இருந்த தரகர், வியாபாரியின் செலவில் மருந்தடித்தவர், பக்கத்துத் தோப்புக்காரர் எல்லாரும் சாட்சி சொல்லலாம். வாட்ஸ்அப் பேச்சும் குரல் பதிவும் செல்லும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன்படி அவற்றோடு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் போனை வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். ஆகவே அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், செய்தி தானாக அழியும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். மூலப்பதிவு போய்விட்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சினால் வாதாடுவது கஷ்டம்.

அடுத்த பருவத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மரத்தில் நிற்கும் காய், பதிவுச் சட்டம் 1908-இன்படி அசையும் பொருள். அதனால் ஒரு பருவத்துக் காயை மட்டும் விற்பதற்குப் பதிவு தேவையில்லை. எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தோப்பையே இரண்டு மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு ஒப்படைப்பது வேறு. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தாளில் சர்வே எண், ரகவாரியாக மரங்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, தவணை எல்லாம் இருக்கட்டும். தவணையைத் தேதி போட்டு எழுதுங்கள். "காய் பட்டாணி அளவு ஆனதும்" என்று எழுதினால் பட்டாணி எந்த அளவு என்பதில் சண்டை வரும். மருந்தடிப்பும் காவலும் யார் செலவு, கடைசிப் பறிப்பு எந்தத் தேதிக்குள், உதிர்ந்த காய் யாருக்கு என்பதையும் சேருங்கள். ஏப்ரல், மே மாதச் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. காற்றில் காய் கொட்டினால் தொகையில் எவ்வளவு குறைப்பது என்று எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலான தகராறுகளுக்கு வேர்.

கேள்வி: பங்காளி முறை வரும் ஒருவருக்கு 2 லட்சம் கொடுத்து புரோநோட்டு வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் "புளி வித்ததும் தந்துடறேன்" என்கிறார். சொந்தத்தைக் கோர்ட்டுக்கு இழுக்க மனமில்லை. இன்னும் காத்திருக்கலாமா?
– விவசாயி, அரூர்

பதில்: காத்திருக்கலாம், ஆனால் புரோநோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு காத்திருங்கள். 'வேண்டும்போது தருகிறேன்' என்று எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுதான் ஆயுள். 2024 ஜனவரி 10-இல் எழுதியிருந்தால் 2027 ஜனவரி 10-க்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நீங்கள் எப்போது பணத்தைக் கேட்டீர்கள் என்பது கணக்கில் வராது. இது தெரியாமல் கேட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்து பணத்தை இழந்தவர்கள் ஏராளம்.

கெடுவை நீட்டிக்க வழி இருக்கிறது. மூன்று ஆண்டு முடியும் முன்பாக அவர் ஒரு சிறு தொகையாவது, 1,000 ரூபாயாக இருந்தாலும் சரி, அசலிலோ வட்டியிலோ செலுத்தட்டும். நோட்டின் பின்பக்கத்தில் "இந்தத் தேதியில் வட்டி வகைக்கு 1,000 ரூபாய் செலுத்தினேன்" என்று அவரே தன் கையால் எழுதி, அல்லது நீங்கள் எழுதியதன் கீழே அவர் கையெழுத்துப் போட்டு, தேதி இட வேண்டும். காலவரையறைச் சட்டம் 1963, பிரிவு 19-இன்படி செலுத்திய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். பணம் எதுவும் தராமல் "இந்தக் கடன் பாக்கி உள்ளது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டாலும் பிரிவு 18-இன்படி அதே பலன். போன்பே-யில் அனுப்பியது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கையெழுத்தோடு ஒரு வரி கட்டாயம் வேண்டும். மூன்று ஆண்டு கடந்தபின் வாயால் ஆயிரம் முறை "தர்றேன்" என்றாலும் பயனில்லை. அப்போது மிஞ்சுவது ஒரே வழிதான்: கெடு கடந்த கடனைத் திருப்பித் தருவதாக அவர் புதிதாக எழுத்தில் வாக்களித்துக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3) அதை ஏற்கிறது.

சொந்தம் என்பதால் கேட்கக் கூச்சம் வேண்டாம். பின்பக்கம் எழுதி வாங்குவதுதான் கோர்ட்டைத் தள்ளிப்போடும் வழி. அதை வாங்காதவர்தான் மூன்றாம் வருடக் கடைசியில் அவசரமாக வழக்குப் போட வேண்டி வருகிறது.

கடிதத்தோடு நோட்டின் நகலும் அனுப்பியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். எங்கெங்கே பிசகு வரும் என்று சொல்கிறோம், உங்கள் நோட்டை எடுத்து வைத்துச் சரிபாருங்கள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருக்க வேண்டும்; கையெழுத்து தாளில் தொடங்கி ஸ்டாம்பின் மேல் ஏறிப் போக வேண்டும். ஸ்டாம்பை இப்படி ரத்துச் செய்யாவிட்டால் ஸ்டாம்பே ஒட்டாத நோட்டாகக் கருதப்படும். வேறு பத்திரங்களில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. எழுதும்போதே ஒட்டியிருக்க வேண்டும்.

வாசகத்தைப் பாருங்கள். "தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது வேண்டும்போது" என்று இருக்கிறதா? இந்த 'உத்தரவு பெற்றவர்' என்ற சொல்லை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், சாட்சிக் கையெழுத்தும் இருந்தால் முத்திரைச் சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் 'பாண்ட்' ஆகிவிடும். அதற்குத் தீர்வை பல மடங்கு. புரோநோட்டுக்குச் சாட்சி கட்டாயமே இல்லை. போட்டால் தவறில்லை, வாசகம் சரியாக இருக்க வேண்டும். 'ஆறு மாதம் கழித்து' என்று கெடு வைத்து எழுதினாலும் ஒரு ரூபாய் ஸ்டாம்பு போதாது. தொகைக்கு ஏற்பத் தீர்வை ஏறும். 'புளி விற்றதும் தருகிறேன்' என்று எழுதினால் அது நிபந்தனை. நிபந்தனையோடு எழுதிய தாள் புரோநோட்டே ஆகாது. வாயால் புளியைச் சொல்லட்டும், தாளில் 'வேண்டும்போது' என்றே இருக்கட்டும்.

வட்டி விகிதத்தை நோட்டில் எழுதாமல் விட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 80-இன்படி ஆண்டுக்கு 18 சதவீதம் கேட்கலாம். கந்துவட்டி எழுதினால் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கள்தான் மாட்டுவீர்கள். இன்னொன்று: 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, இருவருமே வரி கட்ட வேண்டாதவர்களாக இருந்தால் இந்தத் தடை இல்லை. எப்படியானாலும் வங்கி வழியாகக் கொடுப்பது நல்லது, பணம் கைமாறியதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: டைல்ஸ் வாங்கியவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. "பொறுங்க, ஒரு மாசத்துல ரொக்கமா தர்றேன்" என்கிறார்.
– கடைக்காரர், ஓசூர்

பதில்: அந்த ஒரு மாதத்தில் உங்கள் கெடு போய்விடும். செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இல் நீதிமன்றத்தில் புகார். அவர் சொல்லை நம்புவதானால் செக்கின் தேதியைப் பாருங்கள். தேதியிலிருந்து மூன்று மாதம் கடக்காமல் இருந்தால் திரும்பவும் வங்கியில் போடலாம். நோட்டீஸ் அனுப்பிவிட்டும் பொறுமையாக இருக்கலாம். நோட்டீஸ் அனுப்பாமல் பொறுத்தால் இந்த முறைக்கான குற்ற வழக்கு கையை விட்டுப் போகும், பணத்துக்கான சிவில் வழக்குதான் மிஞ்சும்.

கேள்வி: 12 லட்சத்துக்கு மனை பேசி, பத்திரத்தாளில் அக்ரிமெண்ட் போட்டு 3 லட்சம் கொடுத்தேன். ஆறு மாதக் கெடு, அதில் இரண்டு மாதம் போய்விட்டது. பதிவு செய்யவில்லை. மனைக்காரர் இப்போது "விலை ஏறிடுச்சு, மேல போட்டுக் கொடு" என்கிறார்.
– வாசகர், பர்கூர்

பதில்: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அவர் வர மறுத்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தையும், கிரையம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு செய்யாததன் உண்மையான ஆபத்து வேறு. வில்லங்கச் சான்றில் உங்கள் ஒப்பந்தம் தெரியாது. அவர் இன்னொருவருக்கு விற்றால், வாங்கியவர் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று நிற்பார்.

இந்த வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் வாங்குபவரின் தயார்நிலையில். மீதி 9 லட்சத்தோடு நீங்கள் கெடு முழுக்கத் தயாராக இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் இருப்பு, கடன் அனுமதிக் கடிதம், எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். கெடு முடியும் முன்பே நோட்டீஸ் அனுப்பி, குறிப்பிட்ட தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். அன்று நீங்களும் போய், போனதற்கு ஓர் ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்தபின் விழித்துக்கொண்டு அனுப்பும் நோட்டீஸுக்குப் பலம் குறைவு. வழக்குக்கு, ஒப்பந்தத்தில் சொன்ன கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு இருக்கிறது. ஆனால் விலை ஏறும் இடத்தில் தாமதம் உங்களுக்கு எதிராகவே பேசும். வழக்கு மனுவில், கிரையம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் தராது.

மேலே ஒரு ரூபாய்கூடப் போட்டுக் கொடுப்பதாக வாய் விட்டுவிடாதீர்கள். பழைய ஒப்பந்தம் மாறிவிட்டது என்று அவர் அதையே பிடித்துக்கொள்வார்.

கேள்வி: "கடைசிவரை பார்த்துக்கிறேன்" என்று மகன் சொன்னதை நம்பி வீட்டை அவன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதினோம். இப்போது சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை. பத்திரத்தை ரத்துச் செய்ய முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, முடியும், அதற்கென்றே சட்டம் இருக்கிறது. சார்பதிவாளரிடம் போய் நீங்களாக ரத்துப் பத்திரம் பதிவு செய்ய முயல வேண்டாம். ஒருதலையாகச் செய்த ரத்து நிற்காது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-இன் கீழ், உங்களுக்கு 60 வயது ஆகியிருந்தால் தருமபுரி கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். அவர்தான் உங்கள் பகுதிக்குத் தீர்ப்பாயத் தலைவர். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அது மோசடியால் பெறப்பட்டதாகக் கருதி பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கலாம்.

நிபந்தனை என்ற சொல்லில்தான் சிக்கல். பத்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று முதலில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் வழி நேர். இல்லாவிட்டால் வாதம் வரும். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாசத்தால் எழுதிய செட்டில்மெண்டில் அந்த நிபந்தனை உள்ளுக்குள்ளேயே இருப்பதாகக் கொள்ளலாம் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே வாசகம் இல்லை என்பதற்காக மனு கொடுக்காமல் இருக்க வேண்டாம். மகன் அப்படிச் சொல்லி வாங்கியதை அறிந்த உறவினர், ஊர்ப் பெரியவர் பெயர்களை மனுவில் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். பத்திர நகல், வயதுக்கு ஆதார் நகல், மருத்துவச் சீட்டு இணையுங்கள். அதே தீர்ப்பாயத்தில் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையும் கேளுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். பத்திரம் பற்றிய முடிவு தாமதமானாலும் சாப்பாட்டுக்கு வழி பிறக்கும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: உயிலாக எழுதினால் எந்த நாளிலும் மாற்றலாம், இரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தால் பதிவுகூடக் கட்டாயமில்லை. செட்டில்மெண்ட்தான் எழுத வேண்டுமென்றால் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை உங்கள் பெயரில் நிறுத்திக்கொண்டு, உணவு, மருத்துவம், தவறினால் பத்திரம் ரத்து என்ற மூன்றையும் உள்ளே எழுதச் சொல்லுங்கள். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் எதுக்கும்மா, பெத்த புள்ளதானே" என்றால் கேட்காதீர்கள்.

கேள்வி: டிப்ளமோ முடித்த மகனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருட பாண்டு, இடையில் நின்றால் ஒன்றரை லட்சம் என்கிறார்கள். அசல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள்.
– தந்தை, காரிமங்கலம்

பதில்: குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக எழுதிக் கொடுப்பது செல்லும். ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்று ஆண்டு, 2 லட்சம் ரூபாய் நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் தனியார் நிறுவனம் எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி அது உச்சவரம்புதான். பயிற்சிக்கு எவ்வளவு செலவானது, மகன் நின்றதால் என்ன இழப்பு என்று பார்த்து நியாயமான தொகையைத்தான் நீதிமன்றம் தரும். வேலையை விட்டபின் அதே தொழிலில் வேறு கம்பெனியில் சேரக்கூடாது என்ற வரி இருந்தால் பிரிவு 27-இன்படி அது செல்லாது. அசல் மார்க்‌ஷீட்டைக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வர வேண்டாம். கையெழுத்திட்ட வெற்றுச் செக், வெற்றுப் பத்திரத்தாள் கேட்டால் அந்த வேலையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பின்னால் தொகையை அவர்கள் நிரப்பிக்கொண்டாலும், கையெழுத்து உண்மையாக இருந்தால் அந்தச் செக் செல்லும்.

கேள்வி: வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் அதன் குழுக்கள் உண்டு. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்து எதிராளியை அழைத்துப் பேசச் சொல்லலாம். இருவரும் ஒத்துக்கொண்டு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாகவே நிற்கும், மேல்முறையீடு கிடையாது. மீறினால் நேராக நிறைவேற்றுதல் மனு போட்டு வசூலிக்கலாம். அங்கே தவணை ஒப்புக்கொள்ளும்போது ஒவ்வொரு தவணைக்கும் தேதி, எந்த வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரி, இவற்றை எழுதச் சொல்லுங்கள். கட்டணமில்லா உதவி எண் 15100. போகும்போது அசல் தாள்களை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு செட் நகல் கொண்டுபோங்கள்.